விசைப் பலகையும் விடுமுறையும்



சரோஜினி நகரில் நம் பிள்ளைகளுக்கு வீதியே விளையாட்டுத் திடல். அண்மையில் ஒரு மாலை, அடுத்த வீட்டுச் சிறுவன் பெட்ரோல் எஞ்சின் பொருத்திய சறுக்குப் பலகையில் விரைந்து வந்தான். சிறு பள்ளமொன்றில் சக்கரம் சிக்கிற்று. பலகை நின்றது, பையன் நிற்கவில்லை. மணிக்கட்டு முறிந்ததோடு தப்பினான்.

இப்பலகை 1975 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் 'மோட்டோபோர்டு' என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. பற்றிக்கொள்ளக் கைப்பிடி இதற்கில்லை. வேகத்தைக் கூட்டும் விசை மட்டுமே கையில் இருக்கும். சைக்கிள் எளிதிற் கடக்கும் குழியை இதன் சின்னஞ்சிறு சக்கரம் கடவாது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது, ஏறத்தாழ எட்டடி உயரத்தினின்று விழுவதற்கு ஒப்பாகும்.

1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 25 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத எஞ்சினுடைய வண்டிகளுக்கு விலக்களிக்கிறது. ஆயின், நான்கிற்குக் குறைந்த சக்கரங்கள் உடையவற்றுக்கே அவ்விலக்கு. சட்டச் சொற்களை மொழிபெயர்த்துப் பழகிய நம் கண்ணுக்கு, நாற்சக்கரப் பலகை அதில் அடங்குவதாகத் தோன்றவில்லை. மேலும், சிறுவர் வண்டியோட்டிக் குற்றமிழைப்பின், பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க 2019 ஆம் ஆண்டுத் திருத்தம் வகை செய்கிறது.

விடுமுறையில் ஊருக்கு அழைத்துச் செல்ல இயலாத குறைக்கு ஈடாக இத்தகைய பொருள்களை வாங்கித் தருகிறோம். நாமும் ஒருமுறை விலை கேட்டதுண்டு. பிள்ளை கேட்டது பலகையை அன்று, பாட்டி வீட்டை. அடுத்த கோடையில் ரயில் சீட்டு வாங்குவோம்.