புதிய பொருளாதாரக் கொள்கையும் நம் இளைஞர்களும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

‘கல்வியின் சிறப்பு’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறுதான் விழாக் குழுவினர் முதலில் என்னைப் பணித்தனர். கல்வியின் சிறப்பைப் பாலசமுத்திரத்து மக்களுக்கு எடுத்துரைக்க நான் தேவையில்லை. கூலி வேலை செய்து பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கிய தாய்மார்கள் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். “படித்துவிட்டான், வேலை எங்கே ஐயா?” என்பதே இன்று அவர்கள் என்னை வழிமறித்துக் கேட்கும் கேள்வி. அதற்கு விடை தேடுவதற்காகத் தலைப்பை மாற்றிக்கொள்ள இசைவு பெற்றேன்.

அரசு தொழில் நடத்துவதினின்றும் விலக வேண்டும், விலையையும் கூலியையும் சந்தையே முடிவு செய்ய வேண்டும், முதலும் சரக்கும் நாடுவிட்டு நாடு தடையின்றிச் செல்ல வேண்டும் என்னும் கொள்கையைப் புதிய தாராளமயம் என்பர். 1973-இல் இராணுவ ஆட்சி ஏற்பட்ட சிலி நாட்டிலும், 1979-க்குப் பின் தாட்சர் அம்மையாரின் பிரிட்டனிலும், 1981-க்குப் பின் ரீகனின் அமெரிக்காவிலும் அது வேரூன்றியது. நம் நாட்டிற்கு 1991-இல் வந்தது. அயல்நாட்டுச் செலாவணி சில வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலையில் ஏறத்தாழ 47 டன் தங்கத்தை அடகு வைத்தோம். அவ்வாண்டு ஜூலை 24-ஆம் நாள், நரசிம்ம ராவ் அமைச்சரவையின் நிதியமைச்சர் மன்மோகன் சிங் வரவு செலவுத் திட்டத்தைப் படித்தார். அதே நாளில் வெளியான புதிய தொழிற்கொள்கை, பொதுத்துறைக்கென ஒதுக்கியிருந்த 17 தொழில்களை 8 ஆகக் குறைத்தது.

அப்பொழுது நான் பட்டம் பெற்று, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். தேநீர்க் கடை வானொலியில் அச்செய்தியைக் கேட்டோம். உர விலை ஏறும் என்றார்கள்; அதுவே எங்கள் பேச்சாக இருந்தது. 17 என்பது 8 ஆனதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அது எங்களைப் பற்றிய செய்தி என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அஃது எவ்வாறு நம்மைப் பற்றியதாகும்? அரசியல் சட்டத்தின் 16(4), 335 ஆகிய பிரிவுகள் வழங்கும் உரிமை, அரசின் பணிகளுக்கு மட்டுமே உரியது. தமிழகத்தில் ஆதிதிராவிடர்க்கு 18 விழுக்காடு என்பதும், 2009-இல் அதனுள் அருந்ததியர்க்கு அளிக்கப்பட்ட 3 விழுக்காடும் அத்தகையனவே. ஓர் அரசு நிறுவனம் தனியாருக்கு விற்கப்படும் நாளில் சட்டத்தின் ஓர் எழுத்தும் திருத்தப்படுவதில்லை. மேடையில் எந்தத் தலைவரும் இட ஒதுக்கீட்டை எதிர்த்துப் பேசுவதில்லை. ஆயினும் மறுநாள் முதல் அங்கே ஒதுக்கீடு இல்லை. ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாட்டா குழுமத்திற்குச் சென்றபொழுது இதுவே நிகழ்ந்தது. விற்காமலும் சுருக்கலாம்; 2020 ஜனவரி இறுதியில் பி.எஸ்.என்.எல். நிறுவனத்தினின்று ஏறத்தாழ 78,000 பேர் விருப்ப ஓய்வில் வெளியேறினர். நிலமில்லாத நமக்கு அரசுப் பணியே காணி நிலமாக இருந்தது. பட்டா நம் கையில் பத்திரமாக இருக்கின்றது. காணிதான் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது.

அண்ணல் அம்பேத்கர் இதனை எதிர்பாராதவர் அல்லர். 1947-இல் எழுதிய ‘அரசுகளும் சிறுபான்மையினரும்’ என்னும் நூலில், அடிப்படைத் தொழில்கள் அரசுடைமையாக வேண்டும் என்பதைச் சட்டமன்றப் பெரும்பான்மையின் விருப்பத்திற்கு விடாமல் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும் என்று வாதிட்டார். அது ஏற்கப்படவில்லை.

பள்ளிக்கூடமும் இதற்கு விலக்கன்று. 2012-இல் தமிழக அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் ஊதியத்தில் நியமிக்கப்பட்டனர். காவலர், துப்புரவாளர் முதலிய பணிகள் பல அலுவலகங்களில் ஒப்பந்ததாரர் கைக்குச் சென்றுவிட்டன. ஒப்பந்தம் வந்த பின்னும் நம் மக்களின் பங்கு சிறிதும் குறையாத பணி ஒன்று உண்டு. அது குப்பை அள்ளும் பணி. சென்னையில் 2000-ஆம் ஆண்டிலேயே ஓனிக்ஸ் என்னும் தனியார் நிறுவனம் அப்பணிக்கு வந்தது. 2025 ஆகஸ்டில், இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்கு விடுவதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் இரவு பகலாக அமர்ந்தனர். நள்ளிரவில் காவல்துறையால் அப்புறப்படுத்தப்பட்டனர். பணியை நிரந்தரமாக்குக என்பதே அவர்கள் வேண்டியது.

இக்கொள்கையால் நமக்கு ஒரு நன்மையும் விளையவில்லை என்று நான் கூறேன். கூறின் அது பொய்யாகும். என் தந்தையார் ஒரே தோட்டத்துக்காரரிடம் வாழ்நாள் முழுதும் கூலியாக இருந்தவர். வாங்கிய கடன் தீராமையால் அவர் முன் தோளில் துண்டு போட்டுக்கொண்டு நின்றதில்லை. இன்று திருப்பூர் பனியன் கம்பெனிக்குச் செல்லும் நம் இளைஞன் எவர் முன்பும் துண்டை எடுக்க வேண்டியதில்லை. சந்திரபான் பிரசாத் போன்ற தலித் அறிஞர்கள், சந்தையே சாதியின் கட்டைத் தளர்த்தும் என்கின்றனர்; தலித் தொழில் முனைவோர்க்கென ஒரு சங்கத்தை மிலிந்த் காம்ப்ளே 2005-இல் புனேயில் நிறுவினார். அவர்கள் கூற்றை நான் எள்ளி நகையாடேன். ஆனால் சந்தையில் இறங்க முதல் வேண்டும். கடன் பெற ஈடு வேண்டும். சரக்கு விற்க அறிமுகம் வேண்டும். நம் தெருவில் இம்மூன்றும் உடையார் எத்தனை பேர்?

உழைப்பு ஒன்றே உடையார் சந்தைக்குச் சென்றால் என்ன நிகழும் என்பதற்கு நம் மாவட்டமே சான்று. வேடசந்தூர், வடமதுரைப் பகுதிகளில் நூற்பாலைகள் பெருகின. மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் திருமணத்திற்கு மொத்தத் தொகை என்று கூறிச் சுமங்கலித் திட்டம் என்னும் பெயரில் இளம்பெண்களைச் சேர்த்தனர். கேம்ப் கூலி என்று நம் ஊர்களில் சொல்வது அதனைத்தான். என் மாணவி ஒருத்தி ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் முதலாவதாக நின்றவள். ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. வீட்டிற்குச் சென்றேன். வேன் வந்து அழைத்துச் சென்றுவிட்டது என்றார் தாயார். மூத்த மகளுக்கு நகை வாங்கிய கடன். நான் ஒன்றும் பேச இயலாமல் திரும்பினேன். இரண்டாம் ஆண்டு முடியுமுன் அவள் உடல்நலிந்து வீடு வந்தாள். ஆண்டு நிறையவில்லை என்று தொகை தரப்படவில்லை.

எனினும் இதே மாவட்டத்தில் வேறொன்றும் நடந்தது. இளைஞர்கள் இதனைக் கருத்தூன்றிக் கேட்க வேண்டும். 2021 ஜனவரியில், ஓர் ஆடைத் தொழிற்சாலையில் பணிபுரிந்த இளம் தலித் பெண் கொலையுண்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், அத்துடன் இழவு காத்து ஓயவில்லை. அவ்வாடைகளை வாங்கும் அயல்நாட்டு வணிகர்களின் கதவைத் தட்டியது. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் நிறுவனத்துடன் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று, எச் அண்டு எம் நிறுவனம் உடன்பட்டது, கேப், பி.வி.எச். நிறுவனங்களும் பின்னர் இணைந்தன. சங்கம் பயிற்றுவித்த பெண்களே தொழிற்கூடத்தில் பாலியல் தொல்லையைக் கண்காணிக்கவும், முறையிட்டவர் பழிவாங்கப்படாதிருக்கவும் வழி செய்த அதனை உலகம் ‘திண்டுக்கல் உடன்படிக்கை’ என்றே அழைக்கின்றது. நம் ஊரின் பெயர் பூட்டுக்கும் பிரியாணிக்கும் மட்டுமே அறியப்பட்ட காலம் போயிற்று. சரக்கு கடல் கடந்து செல்லுமாயின் முறையீடும் கடல் கடந்து செல்லும் என்பதை அப்பெண்கள் கண்டுகொண்டனர். பார்ப்பனியமும் முதலாளித்துவமும் ஆகிய இரு பகைவரையும் ஒருசேர எதிர்க்க வேண்டும் என்று 1938-இல் மன்மாடு ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில் அண்ணல் கூறியது இதனைத்தான் என்று கருதுகின்றேன்.

ஆகவே கழகத்தாரிடம் ஒன்று வேண்டுவேன். இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் தேர்வுக்கு ஆயத்தம் செய்தோம். அரசுப் பணித் தேர்வு வகுப்புகள் தொடரட்டும். ஆனால் தேர்ந்தெடுக்கப்படாத பெரும்பான்மையோர் ஆலைக்கும் கம்பெனிக்குமே செல்கின்றனர். சம்பளச் சீட்டில் வருங்கால வைப்பு நிதி பிடித்திருக்கின்றார்களா, ஈ.எஸ்.ஐ. அட்டை தந்தார்களா, குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்று படித்தறிய அவர்களுக்கு யார் கற்பித்தோம்? நானும் கற்பிக்கவில்லை. ஆலையினின்று திரும்பிய பெண்கள் தனித்தேர்வர்களாகப் பத்தாம் வகுப்பு எழுதவும் ஏற்பாடு வேண்டும். கழகக் கட்டடத்தின் முன்னறை ஞாயிறு காலையில் பூட்டியே கிடக்கின்றது. அதன் சாவியை என்னிடம் தந்தால், வரும் ஞாயிறு ஒன்பது மணிக்கு வந்து திறக்கின்றேன். சம்பளச் சீட்டு வைத்திருப்பவர்கள் அதனை எடுத்து வாருங்கள். இல்லாதவர்களும் வாருங்கள், ஏன் தரவில்லை என்று எழுதிக் கேட்போம்.