நூறு ரூபாய் வரியில் நம் பங்கு எங்கே?

(விவேக் நகரில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நமக்கு வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. துவைக்க வேண்டிய துணியையும், வாங்க வேண்டிய அரிசியையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

சென்ற கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டார்கள். "என் மகன் எலக்ட்ரானிக் சிட்டியில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறான். அங்கே ரோடு கண்ணாடி மாதிரி இருக்குதாம், லைட்டு ஒன்றுகூட அணையாதாம். நம்ம சந்தில் சாக்கடை மூடி உடைந்து எத்தனை மாதம் ஆச்சு? அதுக்குக் காசு இருக்குது, இதுக்கு இல்லையா?" என்று கேட்டார்கள். அன்றைக்கு நம்மில் யாரும் நேரான பதில் சொல்லவில்லை. "பெரிய இடத்து விவகாரம் அம்மா" என்று சொல்லிக் கலைந்துவிட்டோம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்று இங்கே நிற்கிறோம்.

தோழர்களே, இந்த ஊரின் கம்ப்யூட்டர் தொழில் யாரோ நாலு கெட்டிக்காரர்கள் தங்கள் சட்டைப் பையிலிருந்து போட்ட முதலால் வளர்ந்தது என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. கெட்டிக்காரர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை. 1940-ல் இங்கே விமானத் தொழிற்சாலை வந்தது. 1948-ல் ஐ.டி.ஐ., 1953-ல் எச்.எம்.டி., 1954-ல் பி.இ.எல். வந்தன. வடஆற்காட்டிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் பெட்டியும் படுக்கையுமாக வந்த நம் பெரியவர்கள் பலர் அந்தக் கேட்டுகளில்தான் நுழைந்தார்கள். நுட்பமான வேலை தெரிந்த கைகளை இந்த ஊருக்குத் தயார் செய்து கொடுத்தவை இந்தப் பொதுத்துறை ஆலைகள்.

அதன் பிறகு 1976-ல் கர்நாடக அரசு கியோனிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் தலைவராக இருந்த ஆர்.கே.பாலிகா, எலக்ட்ரானிக்ஸுக்கு என்றே ஒரு நகரம் வேண்டும் என்று கனவு கண்டார். 1978-ல் கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கரில் எலக்ட்ரானிக் சிட்டி உருவானது. அது அரசு எடுத்த நிலம், அரசு போட்ட சாலை, அரசு இழுத்த மின்கம்பி. 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி பெங்களூருக்கு வந்தபோது, செயற்கைக்கோள் தொடர்புக்கான பெரிய டிஷ்ஷை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதாக இன்றும் சொல்வார்கள். 1991-ல் மத்திய அரசின் சாப்ட்வேர் பூங்காத் திட்டம் வந்தது. வரிச் சலுகையும் கிடைத்தது, வெளிநாட்டுக்குத் தகவல் அனுப்பும் வசதியும் கிடைத்தது. ஒயிட்பீல்டில் எழுந்த ஐ.டி.பி.எல்.லில்கூட தொடக்கத்தில் மாநில அரசின் தொழில் வாரியத்துக்கு நூற்றுக்கு 20 பங்கு இருந்தது. 1997-ல் நாட்டிலேயே முதலாவதாகத் தகவல் தொழில்நுட்பத்துக்கென்று ஒரு கொள்கையை வகுத்தது இந்த மாநிலம்தான்.

இதையெல்லாம் குற்றப் பத்திரிகையாக வாசிக்கவில்லை. ஒரு தொழில் வளர அரசு கைகொடுப்பது தவறே அல்ல. நம் பிள்ளைகளிலும் சிலர் படித்து அந்தக் கட்டடங்களில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து நாம் பெருமைப்படுகிறோம். நாம் சொல்வது ஒன்றுதான். விதை பொதுப்பணம், நிலம் பொதுநிலம், தண்ணீர் பொதுத்தண்ணீர் என்றால், விளைச்சலில் பொதுமக்களுக்குக் கணக்கு உண்டா இல்லையா?

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். எலக்ட்ரானிக் சிட்டியின் சாலை ஏன் நன்றாக இருக்கிறது?

நாம் அதையும் பெங்களூர் என்றுதான் சொல்கிறோம். ஆனால் உள்ளாட்சிக் கணக்கில் அது தனி வீடு. 2013-ல் அதை ஒரு தொழில் நகரியமாக அறிவித்து, எல்சிட்டா என்ற தனி ஆணையத்தை அமைத்தார்கள். சுமார் 900 ஏக்கர் பரப்பு அதன் கையில். அங்கேயுள்ள கம்பெனிகள் கட்டும் சொத்து வரியை அந்த ஆணையமே வசூலிக்கிறது. நூறு ரூபாய் வசூலானால் எழுபது ரூபாய் அந்த எல்லைக்குள்ளேயே சாலைக்கும் விளக்குக்கும் தண்ணீருக்கும் காவலுக்கும் செலவாகும். மீதி முப்பது ரூபாய் சுற்றியுள்ள கிராமப் பஞ்சாயத்துகளுக்குப் போகும். இதுதான் ஏற்பாடு.

அந்த எழுபது ரூபாய் வீணாகிறது என்று நாம் சொல்லவில்லை. அங்கே போய் வருகிறவர்களைக் கேளுங்கள். கட்டிய வரி கண்ணெதிரே சாலையாகத் தெரிகிறது என்பார்கள். ஒரு உள்ளாட்சி மனம் வைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு அது சாட்சி. நம் வருத்தம் வேறு.

முதல் வருத்தம், அங்கே யார் வாக்களிக்கிறார்கள்? அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் நகரங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் வேண்டும் என்று சொன்னது. அதே திருத்தத்தில் 243-கியூ என்ற பிரிவில் ஒரு விலக்கும் வைத்தார்கள். ஒரு தொழில் நிறுவனமே நகர வசதிகளைச் செய்து கொடுத்தால், அந்த இடத்தைத் தொழில் நகரியம் என்று அறிவித்துவிடலாம், அங்கே நகராட்சி மன்றம் அமைக்க வேண்டியதில்லை. எல்சிட்டாவை நடத்துகிறவர்கள் நியமிக்கப்பட்டவர்கள். மக்கள் வாக்குப் போட்டு அனுப்பியவர்கள் அல்லர்.

இரண்டாவது வருத்தம், அங்கே வேலை செய்கிறவன் எங்கே படுத்து உறங்குகிறான்? விடியும் முன் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தைத் துடைக்கும் பெண் அந்த 900 ஏக்கருக்குள் குடியிருக்கிறாளா? இல்லை. பக்கத்துக் கிராமத்தில் தகரக் கூரை வாடகை அறையில் இருக்கிறாள். அல்லது நம் விவேக் நகரிலிருந்தும் ஈஜிபுரத்திலிருந்தும் நீலசந்திராவிலிருந்தும் இரண்டு பஸ் மாறிப் போகிறாள். அவள் உழைப்பு எழுபது ரூபாய் பக்கம். அவள் வாழ்க்கை முப்பது ரூபாய் பக்கம். விவேக் நகரிலிருந்து போகிறவளுக்கு அந்த முப்பதிலும் பங்கு இல்லை.

"நீங்கள் வரி கட்டுவதில்லையே" என்று நம்மைப் பார்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. யார் சொன்னது? வீட்டுக்காரர் கட்டும் வரி நம் வாடகையில் இருக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து சொத்து வரியோடு குப்பைக் கட்டணமும் சேர்ந்தது. 600 சதுர அடிக்குள் உள்ள சிறு வீட்டுக்கும் மாதம் பத்து ரூபாய். சோப்புக்கும் எண்ணெய்க்கும் வரி கட்டுகிறோம். ஓசூர் சாலையில் 2010-ல் திறந்த மேம்பாலத்தில் ஸ்கூட்டரில் ஏறினால் அதற்கும் சுங்கம். இந்த ஊரில் ஏழை இலவசமாக வாழவில்லை தோழர்களே, விலை கொடுத்துத்தான் வாழ்கிறான்.

நம் சொந்த மாநிலத்தையும் பாருங்கள். சென்னையில் 2000-ல் டைடல் பார்க் திறந்தார்கள், பழைய மகாபலிபுரம் சாலையை ஐ.டி. சாலையாக்கினார்கள், சுங்கச்சாவடியும் வைத்தார்கள். ஊருக்குள் இருந்து கொண்டு ஊருக்குள் போக ஏன் காசு என்று அங்குள்ளவர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். 2021 ஆகஸ்டில் நான்கு சாவடிகளில் வசூல் நிறுத்தப்பட்டது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இதைச் சொல்கிறோம்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் வெளிவட்டச் சாலை வெள்ளத்தில் மூழ்கியது. ஒரே நாளில் 225 கோடி ரூபாய் நஷ்டம் என்று அங்குள்ள கம்பெனிகளின் சங்கம் முதலமைச்சருக்குக் கடிதம் எழுதியது. நாடே பேசியது. அதே மழை நம் தெருக்களிலும்தான் பெய்தது. அரிசி நனைந்தது, பிள்ளைகளின் புத்தகம் நனைந்தது, இரண்டு நாள் கூலி போனது. அதற்கு யார் கணக்கு எழுதினார்கள்? நாம் ஒரு அலுவலகத்துக்குப் போனோம். "எழுத்தில் கொடுங்கள்" என்றார்கள். கொடுத்தோம். "இது எங்கள் பிரிவு இல்லை" என்று சொல்லி வேறு மாடிக்கு அனுப்பினார்கள். அந்த மாடியில் ஆள் இல்லை.

அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, கணக்கு இருக்கிறது, கடிதம் இருக்கிறது. நம்மிடம் கண்ணீர் மட்டும் இருந்தது. கண்ணீருக்கு ரசீது கிடைக்காது!

அந்த நேரத்தில் நமக்கு ஒரு கவுன்சிலராவது இருந்தாரா? 2020 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. அதற்குப் பின் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தேர்தல் இல்லை. 2025 செப்டம்பரில் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்தார்கள். அப்போதும் அதிகாரிகள் கையில்தான் நிர்வாகம். ஆக, எலக்ட்ரானிக் சிட்டியில் மன்றம் வேண்டாம் என்று சட்டம் சொன்னது. நமக்கு மன்றம் வேண்டும் என்று சட்டம் சொல்லியும் ஆண்டுக்கணக்கில் மன்றம் இல்லை. ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே மன்றம் இல்லாமலும் வேலை நடந்தது.

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ என்று ஒரு நகரம். கம்ப்யூட்டர் கம்பெனிகளின் தாய்வீடு என்றே சொல்லலாம். 2011-ல் அந்த நகரசபை, வாடிக் கிடந்த ஒரு பகுதிக்குக் கம்பெனிகள் வர வேண்டும் என்று சம்பளப் பட்டியல் வரியில் சலுகை கொடுத்தது. ட்விட்டர் கம்பெனி வெளியூர் போகாமல் இருக்கத்தான் இந்தச் சலுகை என்று ஊரே பேசியது. ஆனால் சும்மா கொடுக்கவில்லை. பெரிய கம்பெனிகள் அந்தப் பகுதி மக்களுக்கு என்ன செய்யப் போகிறோம் என்று ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. அந்த ஒப்பந்தங்கள் போதவில்லை, வாடகை ஏறியது, ஏழைகள் வெளியேறினார்கள் என்று அங்கேயும் சண்டை நடந்தது. 2019-ல் சலுகை முடிந்தது. அதற்கு முன்பே, 2018 நவம்பரில், வீடில்லாதவர்களுக்காகப் பெரிய கம்பெனிகள் மீது கூடுதல் வரி போட அந்த நகர மக்கள் வாக்களித்தார்கள். சலுகை கொடுத்ததும் நகரம்தான், கணக்குக் கேட்டதும் நகரம்தான். நாம் கற்க வேண்டியது இந்த இரண்டாவது பாடம்.

ஆகவே நம் சங்கம் நான்கு கோரிக்கைகளை முன்வைக்கிறது.

ஒன்று, உடனே மாநகராட்சித் தேர்தல், எப்போதும் காலம் தவறாத தேர்தல். அது இல்லாமல் மற்ற மூன்றையும் கேட்க வாசல் இல்லை.

இரண்டு, ஒவ்வொரு வார்டிலும் எவ்வளவு வரி வந்தது, எந்தத் தெருவில் எவ்வளவு செலவானது என்று பலகையில் எழுதி வைக்க வேண்டும். கன்னடத்தில் எழுதட்டும். நம் பிள்ளைகள் படித்துச் சொல்வார்கள்.

மூன்று, டெக் பார்க்குகளுக்கு நிலமோ வரிச் சலுகையோ தனிச் சாலையோ கொடுக்கும்போது, அங்கே காண்டிராக்டில் வேலை செய்கிறவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ., பெண்களுக்குக் கழிப்பறை, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை நிபந்தனையாக எழுத வேண்டும். வாய்ச்சொல் வேண்டாம், எழுத்து வேண்டும்.

நான்கு, டெக் பார்க்குகளின் சொத்து வரியில் ஒரு நிலையான பங்கு, அங்கே உழைப்பவர்கள் வாழும் குடியிருப்புகளின் சாக்கடைக்கும் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் ஒதுக்கப்பட வேண்டும். இது நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால், எலக்ட்ரானிக் சிட்டியின் முப்பது ரூபாயைக் காட்டுங்கள். கிராமப் பஞ்சாயத்துக்குப் பங்கு கொடுக்க முடியும் என்றால், உழைப்பாளி வாழும் வார்டுக்கு ஏன் முடியாது?

இந்தக் கோரிக்கைகள் தமிழனுக்கு மட்டும் அல்ல. நம்மோடு துடைப்பம் பிடிக்கும் தெலுங்குச் சகோதரி, ராய்ச்சூரிலிருந்து கல் சுமக்க வந்த கன்னடச் சகோதரன், வடக்கேயிருந்து வந்து கேட்டில் நிற்கும் இளைஞன் எல்லோருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம். சாக்கடை நீர் மொழி பார்த்து வீட்டுக்குள் நுழைவதில்லை.

கடைசியாக நம் குறையையும் சொல்லிக்கொள்ள வேண்டும். இருபது ஆண்டாக இங்கே வாழ்ந்தும், ஊரிலேயே பெயர் இருக்கட்டும் என்று வாக்காளர் அட்டையை மாற்றாமல் இருக்கிறோம். வார்டு கமிட்டி என்று சட்டத்தில் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? வாழும் இடத்தில் வாக்கு இல்லாதவனுக்கு வரியில் பங்கு கேட்கும் குரலும் இல்லை. இந்த மாதமே ஒவ்வொரு வீட்டுக்கும் வருகிறோம். பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்போம். எந்தத் தெருவில் எந்தச் சாக்கடை, எத்தனை நாள் வேலை போனது, எவ்வளவு கூலி போனது என்று நோட்டில் எழுதுவோம். அவர்கள் 225 கோடிக்குக் கணக்கு எழுதினார்கள். நாம் நம் 500 ரூபாய்க்குக் கணக்கு எழுதக் கற்றுக்கொள்வோம்.

அந்தத் தாய்க்கு நம் பதில் இதுதான். காசு இருக்கிறது அம்மா. அது எந்த வழியாகப் போக வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில் இதுவரை நாம் இல்லை. இனி அந்த இடத்துக்குச் சேர்ந்தே போவோம்.