மருந்தீஸ்வரர் ஊரிலிருந்து ஒரு நினைவு

திருவான்மியூரில் மருந்தீஸ்வரர் அகத்தியருக்கு மருத்துவம் உபதேசித்தார் என்பது தலபுராணம். அந்தக் கோயில் வாசலைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மருத்துவர் நினைவு வரும். ஸ்டெதாஸ்கோப்பும் பிடித்தவர், துப்பாக்கியும் பிடித்தவர். கேப்டன் லட்சுமி.

1914இல் இதே சென்னையில் பிறந்தவர். இங்கே மருத்துவம் படித்து, சிங்கப்பூர் போய் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். 1943இல் நேதாஜி அழைக்க, அவருடைய இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றார். அதில் சேர்ந்தவர்களில் பலர் மலேயா ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். விடியுமுன் பால் வெட்டப் போன கைகள் அவை. இந்தியாவை ஒருமுறைகூடப் பார்க்காதவர்களும் அதில் உண்டு. பார்க்காத மண்ணுக்காகப் பர்மா வரை போனார்கள்! அவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? நினைத்தால் எனக்கு மனசு வலிக்கிறது.

லட்சுமி பிறகு கான்பூரில் குடியேறினார். தொண்ணூறு வயதைத் தாண்டியும் நோயாளிகளைப் பார்த்தார். 2012 ஜூலையில், 97 வயதில் மறைந்தார்.

அவரிடம் இனி நாம் எதுவும் கேட்க முடியாது. 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் நின்ற வீரர்களுக்கும் இன்று எழுபதுக்கு மேல் ஆகிவிட்டது. உங்கள் தெருவில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், இன்று மாலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எந்த ரெஜிமென்ட்டில் இருந்தீங்க ஐயா?" என்று கேளுங்களேன்.