பறையடிக்கு முன்னால் ஒரு இரைச்சல்

(பறை, ஒப்பாரிப் பதிவுகளைத் தொகுத்துவரும் நண்பர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கவிதை எழுதுகிறவனைக் கூப்பிட்டு கம்ப்யூட்டர் சமாச்சாரம் பேசச் சொல்லிட்டீங்க. நான் பேங்க்கில் கிளார்க், பொறியாளன் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு காயம் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்க ஆயா சாவு வீடுகளில் ஒப்பாரி பாடும். பெரியப்பா பறையடிப்பார். 1996இல் அப்பா ஒரு டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி, இரண்டு பேரையும் ஒரே கேசட்டில் பதிந்து வைத்தார். அவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு, டவுனில் ஒரு கடையில் கொடுத்து சிடியாக மாற்றினேன். 'இனிமே கேசட் எதுக்கு சார்?' என்றார் கடைக்காரர். நானும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். வீட்டில் போட்டுக் கேட்டால் ஆயாவின் குரல் தண்ணிக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. பெரியப்பாவின் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் 'உஸ்' என்று ஓர் இரைச்சல். கேசட்டில் அது கிடையாது. திரும்ப ஓடினேன். கேசட் குப்பைக்குப் போயிருந்தது.

அந்த 'உஸ்' எங்கிருந்து வந்தது? அதைத் தேடிப் படித்ததைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

ஒலி அலையாக வருகிறது. கம்ப்யூட்டருக்கு எண் மட்டுந்தான் தெரியும். 1982இல் விற்பனைக்கு வந்த சிடி, ஒரு நொடி ஒலியை 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாக எழுதுகிறது. வலது, இடது இரண்டுக்கும் சேர்த்து நொடிக்கு 14,11,200 பிட். இந்த எண்களை அப்படியே கோப்பில் வைப்பதுதான் பெரும்பாலும் 'வேவ்'.

இவ்வளவு பெரிசை எப்படிச் சுருக்குவது? 1988இல் எம்பெக் என்ற சர்வதேசக் குழு கூடியது. அதன் முதல் தரம் 1993இல் வெளியானது. அதில் ஒரு பகுதிதான் நமக்குத் தெரிந்த எம்பி3. ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலானோர் அதற்காக உழைத்தார்கள். பெரிய சத்தம் கேட்கும்போது அதை ஒட்டிய சின்னச் சத்தம் மனிதக் காதுக்கு எட்டாது. எட்டாததை ஏன் எழுத வேண்டும் என்பதுதான் அவர்களின் கணக்கு. 128 கிலோபிட் எம்பி3, சிடியில் இருப்பதைப் பதினொன்றில் ஒரு பங்குக்குள் அடக்கிவிடுகிறது.

காதுக்கு எட்டாதது எது என்று யாருடைய காது முடிவு செய்தது? என்னை உலுக்கிய கேள்வி இது. சுசான் வேகா என்ற அமெரிக்கப் பாடகி வாத்தியமே இல்லாமல் தனிக்குரலில் பாடிய 'டாம்ஸ் டைனர்' பாட்டை பிராண்டன்பர்க் சுருக்கிப் பார்த்தார். குரல் சிதைந்து போனது. அது சரியாகும்வரை அதையே திரும்பத் திரும்பக் கேட்டு முறையைத் திருத்தினார். எந்தக் குரலை உட்கார்ந்து கேட்டார்களோ அந்தக் குரல் பிழைத்தது. நம்ம ஒப்பாரியும் தனிக்குரல்தான். அதை வைத்து யாரும் சோதித்ததாக நான் படிக்கவில்லை. இதில் சதி ஏதுமில்லை தோழர்களே. அந்த அறையில் நம்ம சத்தம் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது பறைக்கு வருவோம். எம்பி3 ஒலியைச் சில மில்லிநொடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டித் தோராயப்படுத்துகிறது. அதில் வரும் பிழை துண்டு முழுக்கப் பரவும். துண்டின் நடுவில் திடீரென்று அடி விழுந்தால், பின்னால் பரவும் பிழையை அடியே மூடிவிடும். முன்னால் இருக்கிற அமைதியில் அது பச்சையாகக் கேட்கும். அந்த 'உஸ்' இதுதான். ஐரோப்பாவில் காஸ்டனெட் என்ற கைத்தாளத்தை வைத்து இந்தக் குறையைச் சோதித்திருக்கிறார்கள். அதற்காகத் துண்டைச் சிறிதாக்கும் வழியும் தரத்திலேயே உண்டு. ஆனால் எங்க கடைக்காரர் இடம் மிச்சம் பிடிக்க 64 கிலோபிட்டில் அடைத்திருந்தார். அவ்வளவு குறைத்தால் அந்த வழியும் போதாது.

வீடியோவில் இன்னொரு குழப்பம். எம்பி4 என்பது வெறும் பெட்டி. உள்ளே படத்தைச் சுருக்கிய முறைக்குத்தான் கோடெக் என்று பேர். ஒரே எம்பி4 பெட்டிக்குள் 2003இல் வந்த எச்.264 இருக்கலாம், 2013இல் வந்த எச்.265 இருக்கலாம், 2018இல் வந்த ஏவி1 இருக்கலாம். அதனால்தான் சில போனில் சத்தம் வருகிறது, படம் வருவதில்லை. கோப்பின் பேரை மாற்றினால் தீராது. கவர் மேல் விலாசத்தை மாற்றினால் உள்ளே கடுதாசியின் மொழி மாறுமா?

தரம் ஏன் வேண்டும்? எங்க பேங்க்கில் செக்குக்கு சிடிஎஸ் 2010 என்று ஒரு தரம் உண்டு. எந்த பேங்க் செக்கானாலும் தேதியும் தொகையும் அதனதன் இடத்தில்தான் இருக்கும். அதனால் எங்க மெஷின் அதைப் படிக்கிறது. கோப்புக்கும் இதுதான். ஆனால் தரம் யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்கணும். எம்பி3 சர்வதேசத் தரமாக இருந்தும், அதற்குக் காப்புரிமைக் கட்டணம் வாங்கினார்கள். ஃப்ரான்ஹோஃபரின் உரிமத் திட்டம் 2017 ஏப்ரலில்தான் முடிந்தது. இணையத்தில் எங்கும் ஓடிய ஃப்ளாஷை, வைத்திருந்த கம்பெனி 2020 டிசம்பர் 31 அன்று கைவிட்டது. அதை மட்டும் நம்பியிருந்தவர்கள் திண்டாடினார்கள். 2001இல் வந்த ஃப்ளாக் அப்படியல்ல. ஒரு பிட்டும் இழக்காமல் சுருக்குகிறது. அதன் முழு விவரமும் 2024 டிசம்பரில் பொது இணையத் தரமாக வெளியாகியிருக்கிறது. நாளைக்கு யார் கடையை மூடினாலும் படித்துத் திறக்கலாம்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இவைதான். மூலப் பதிவை 48,000 அளவை, 24 பிட், வேவ் கோப்பாக எடுங்கள். ஆடியோ ஆவணக் காப்பகங்களின் சர்வதேச அமைப்பு சொல்லும் குறைந்தபட்சம் இது. இரு தடத்தில் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 1 ஜிபி. இடம் இல்லையென்றால் ஃப்ளாக் ஆக்குங்கள். ஊருக்கு அனுப்ப எம்பி3 பிரதி எடுங்கள், அதையே மூலமாக வைக்காதீர்கள். வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பினால் மறுபடி சுருங்கும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். பாடியவர் பேர், ஊர், தேதி எழுதாத கோப்பு அனாதை.

கடைசியாக ஒன்று. ஆயாவின் சிடியை நானும் வேவாக மாற்றிப் பார்த்தேன். கோப்பு பெரிசானது, குரல் திரும்பவில்லை. பைசாவை விட்டுவிட்டு ரூபாயில் மட்டும் எழுதிய பேரேட்டிலிருந்து அந்தப் பைசாவை யாராலும் எடுக்க முடியாது.

உங்க வீட்டுப் பரண்களில் இன்னும் கேசட் இருக்கும். மாற்றக் கொடுங்கள். ஆனால் கையோடு திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்.