தூவலும் எழுதுகோலும்
(பத்தாம் ஆண்டு விழாச் சொற்பொழிவு)

   

எழுதுகோலைத் தனித்தமிழ் அன்பர்கள் ‘தூவல்’ என்பர். தூவல் என்பதற்கு இறகு என்பதும் பொருள். வழக்கில் உள்ள ‘பேனா’ என்னும் சொல்லும் இலத்தீனில் இறகைக் குறிக்கும் ‘பென்னா’வின் வழி வந்ததே. ஆக, எந்தப் பெயரால் அழைத்தாலும் எழுதுகோலுக்குள் ஓர் இறகு இருக்கிறது. மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் 1944 முதல் 1956 வரை தமிழ் பயிற்றிய சேலத்து மண்ணில், சொல்லின் வேரிலிருந்து பேச்சைத் தொடங்குவது பொருத்தமே.

தமிழர் இறகால் எழுதியவர் அல்லர். பனையோலையும் எழுத்தாணியும் அவர்தம் கருவிகள். வாத்தின் சிறகிறகைச் சுடுமணலில் பதப்படுத்தி, முனையைச் சீவிப் பிளந்து எழுதியது மேலைநாடு. 19ஆம் நூற்றாண்டில் எஃகு முள் வந்து அந்த இறகை விலக்கியது. இன்று அதே இறகு வேறு வழியில் மீண்டிருக்கிறது. கடைசல் கலைஞர்கள் அதைப் பேனாவின் உடலுக்குள் பதிக்கிறார்கள்.

அதன் செய்முறை எளிதன்று. இறகைச் சோப்பு நீரில் கழுவி, ஈரம் அறவே போகும்வரை உலர்த்த வேண்டும். நடுவிலுள்ள தடித்த தண்டைச் சீவி மெலிதாக்க வேண்டும். பிறகு வண்ணம் பூசிய பித்தளைக் குழாயின்மேல் இறகைச் சுற்றி, துளித்துளியாகப் பசையிட்டு ஒட்டுவர். அதனை அச்சில் வைத்து, கெட்டிப்படுத்தி கலந்த ரெசினை ஊற்றி, அழுத்தக் கலத்துள் மூடுவர். அழுத்தத்தில் காற்றுக் குமிழ்கள் கண்ணுக்குத் தெரியாதவாறு சுருங்கும். அந்நிலையிலேயே ரெசின் இறுகும். இறகில் ஈரம் எஞ்சியிருந்தால் பாலியூரித்தேன் ரெசின் நுரைத்துவிடும். இறுகிய கட்டையைக் கடைசல் இயந்திரத்தில் பூட்டிக் கடையும்போது, குழாயை விட்டு மேலெழுந்து நிற்கும் இறகை உளி சீவிவிடும். இறுகியதை இளக்கித் திருத்த வழியில்லை.

சேலம், நாமக்கல் சமவெளியில் இறகுக்குப் பஞ்சமில்லை. நாமக்கல் முட்டைக்குப் பெயர்பெற்ற ஊர்; அதன் பண்ணைகளில் கோடிக்கணக்கான வெள்ளைக் கோழிகள் வளர்கின்றன. நாட்டுச் சேவலின் கழுத்திறகோ செம்பொன்னாய் மின்னும். கினிக்கோழியின் இறகில் வெண்புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும். மயிலிறகுக்கு மட்டும் சட்டத்தின் காவல் உண்டு. மயில் 1963இல் நாட்டுப் பறவையாக அறிவிக்கப்பட்டது; 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் காக்கிறது. தானே உதிர்ந்த பீலியை நாட்டுக்குள் பயன்படுத்தலாம், ஏற்றுமதி செய்யலாகாது.

இக்கைவினையில் கவிஞர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கோழியின் வெள்ளிறகை ரெசினில் தோய்த்தால் அதன் வெண்மை பெரிதும் மறைந்து, கண்ணாடிபோல் ஆகிவிடுகிறது. காரணம், அந்த வெண்மை சாயம் அன்று. இறகின் நுண்ணிய இழைகளுக்கும் இடையிலுள்ள காற்றுக்கும் நடுவே ஒளி சிதறுவதால் தோன்றுவது. காற்றிருந்த இடத்தை ரெசின் நிரப்பியதும் சிதறல் குறைகிறது, வெண்மையும் போகிறது. ஆகவேதான் கலைஞர் குழாய்க்கு முன்னதாகவே வெள்ளை பூசிக்கொள்கிறார்.

மயிற்பீலியின் நீலமும் பச்சையும்கூடச் சாயம் அல்ல. பீலியை அரைத்தால் பழுப்புப் பொடியே மிஞ்சும். நுண்ணிய அடுக்கமைப்பில் ஒளி பட்டு எழும் நிறம் அது. நீரில் நனைத்தால் அந்நிறம் மறைவதை இராபர்ட் ஊக் என்னும் அறிஞர் 1665இலேயே தம் நுண்ணோக்கி நூலில் பதிவு செய்தார். எனவே தேர்ந்த கலைஞர் ஒரு சிறு துண்டைத் தோய்த்துப் பார்த்த பின்னரே முழு இறகையும் ரெசினுக்குள் விடுவார்.

கவிதையின் நிலையும் இதுவே. அதன் ஒளி மேலே பூசிய அணியில் இல்லை. சொல்லும் சொல்லும் நிற்கும் அமைப்பில் இருக்கிறது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே விட்ட வெளியில் இருக்கிறது. அவ்வெளியை விளக்கத்தால் நிரப்பினால் கவிதை கெட்டிப்படும், உடையாது, ஆனால் வெளிறிப்போகும். விழா மேடைக்கென்று எழுதும் பாட்டுக்கு இந்த ஆபத்து மிகுதி. கைதட்டல் கிடைக்க வேண்டுமென்று ஒவ்வோர் உவமைக்கும் உரை சேர்க்கும் பழக்கத்தைக் கவிஞர்கள் கைவிட வேண்டும்.

அழகிய பேனா வேண்டாம் என்பதன்று கருத்து. மோகனூரில் 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை தூரிகையும் எழுதுகோலும் ஒருங்கே ஏந்தியவர். 1930இல் வேதாரணியம் நோக்கிச் சென்ற உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்கள் அவர் பாட்டைப் பாடி நடந்தனர். அப்பாட்டு எந்தப் பேனாவால் எழுதப்பட்டது என்று எவரும் கேட்டதில்லை.

இறகைப் பதிப்பவர் கைத்திறன் போற்றத்தக்கது. எனினும் பதித்த இறகு எழுதாது, முள்தான் எழுதும். இந்த இலக்கிய வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக்கு அந்த முள் தேயத் தேய எழுதும் கைகள் பெருகட்டும்.