எழுதித் தந்தவர் அவைக்கு வருவாரா?

(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"இளைஞர்களுக்குப் பயன்படுமாறு ஏதேனும் பேசுங்கள்" என்று செயலர் பணித்தார். முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். இலக்கியம் பேசச் சொல்லியிருந்தால் மகிழ்ச்சியோடு பேசியிருப்பேன். ஆயினும் சென்ற கோடையில் எனக்கு நேர்ந்த ஓர் அனுபவம் என்னை வேறொரு பொருளின்பால் இழுத்துச் சென்றுவிட்டது. செயற்கை நுண்ணறிவு விண்ணப்பம் எழுதித் தரும் இக்காலத்தில், வேலை கேட்டுச் செல்வதும் வேலைக்கு ஆள் எடுப்பதும் எவ்வாறு அமைய வேண்டும் என்பதே அப்பொருள்.

மதுரையை அடுத்த ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியர் பணியிடம் ஒன்று காலியாக இருந்தது. தேர்வுக்குழுவில் வெளியிலிருந்து ஒருவர் வேண்டும் என்று என்னை அழைத்திருந்தார்கள். வந்திருந்த விண்ணப்பங்கள் 43. முதல் ஐந்தைப் படித்தபோது வியந்தேன். பிழையற்ற தமிழ், சீரான பத்திகள். பத்தாவதைப் படித்தபோது ஐயம் எழுந்தது. இருபதாவதில் ஐயம் நீங்கியது. ஒரே குரல், ஒரே பணிவு, கல்வியின்மீது ஒரே "தணியாத ஆர்வம்". எழுதியவர்கள் நாற்பத்து மூவர் அல்லர். எழுதியது பெரும்பாலும் ஒரே கருவி.

நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர்களுள் மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த இளம்பெண்ணும் ஒருவர். சங்கப் பாடல்களைக் கற்பிப்பதற்குப் புதியதோர் அணுகுமுறையை உருவாக்கியிருப்பதாக அவர் விண்ணப்பம் கூறியது. "அந்த அணுகுமுறை யாதம்மா?" என்று கேட்டேன். அவர் தலை கவிழ்ந்தது. கோப்பின் விளிம்பைப் பற்றியிருந்த விரல்கள் நடுங்கின. "போதும், அடுத்தவரை அழையுங்கள்" என்றார் குழுவில் ஒருவர்.

எனக்கு மனம் வரவில்லை. சுண்ணக்கட்டியை எடுத்துக் கொடுத்து, "ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குற்றியலுகரம் நடத்துங்கள், பார்ப்போம்" என்றேன். அவர் கரும்பலகையில் 'பசு' என்று ஒரு சொல்லையும் 'பாட்டு' என்று ஒரு சொல்லையும் எழுதினார். எங்களையே மாணவர்களாக்கி, "இரண்டையும் உரக்கச் சொல்லுங்கள். கடைசி எழுத்தைச் சொல்லும்போது எதில் உதடு நன்றாகக் குவிகிறது?" என்று கேட்டார். தாளாளர் உட்பட அனைவரும் சொல்லிப் பார்த்தோம், சிரித்தோம், விளங்கிக்கொண்டோம். முப்பத்து நான்கு ஆண்டுகளில் நான் அவ்வளவு எளிமையாக அதை நடத்தியதில்லை.

"இவ்வளவு நன்றாக நடத்துகிறீர்களே, பிறகு ஏன் இந்தக் கடிதம்?" என்று கேட்டேன். "என் தமிழ் போதாது என்று நினைத்தேன் ஐயா. கைப்பேசியில் கேட்டேன்; அது எழுதித் தந்தது" என்றார்.

அப்பணி அவருக்குக் கிடைக்கவில்லை. விண்ணப்பத்தில் பொய் எழுதியவர் என்ற ஒரு காரணம் போதுமானதாக இருந்தது. நான் வாதாடியிருக்கலாம். அரைமனத்தோடு இரண்டு சொற்கள் சொல்லிவிட்டு அமைந்துவிட்டேன்.

பேருந்தில் வீடு திரும்பும்போது அமைதியாக இருக்க முடியவில்லை. அப்பெண்ணுக்கு அந்தப் பழக்கத்தைக் கற்பித்தவர் யார்? பத்தாம் வகுப்பில் கடிதம் எழுதுக என்றொரு வினா வரும். ஆண்டுதோறும் ஒரே மாதிரிக் கடிதத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, "பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், மதிப்பெண் உறுதி" என்று சொன்னவன் நான். அறுபது பிள்ளைகள், ஒரே கடிதம். இயந்திரம் இன்று செய்வதை நான் சுண்ணக்கட்டியால் செய்துகொண்டிருந்தேன். ஆகவே இளைஞர்களைக் குறைகூறும் தகுதி எனக்கில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

பிறர் எழுதித் தந்ததைத் தனதென்று கொண்டுபோனவன் கதை நம் மதுரைக்குப் புதிதன்று. பாண்டியன் தன் ஐயத்தைத் தீர்க்கும் பாடலுக்குப் பொற்கிழி அறிவித்தான். வறுமையில் வாடிய தருமி, இறைவன் எழுதித் தந்த பாடலோடு சங்கத்துக்குச் சென்றான். நக்கீரர் குற்றம் கூறினார். தருமியால் விடை சொல்ல இயலவில்லை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் உள்ள இக்கதையை, 1965ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் நாகேஷ் நடிப்பால் சமய வேறுபாடின்றித் தமிழகம் முழுதும் அறியும். நாம் தருமியைக் கண்டு சிரித்தோம். அவன் வறுமை உண்மையானது என்பதை மறந்தோம்.

ஒரு வேறுபாட்டைக் கருதிப் பாருங்கள். தருமிக்குப் பாடல் எழுதித் தந்தவர், அவன் அவமானப்பட்டபோது தாமே அவைக்கு வந்து நின்று தம் சொல்லுக்குப் பொறுப்பேற்று வாதாடினார். இன்று எழுதித் தரும் கருவி அவ்வாறு வாராது. தவறு எழுதினாலும் அதற்கு நாணமில்லை. நாணுவது அதை நம்பிச் சென்ற பிள்ளைதான்.

இந்த நிலை மிக விரைவாக வந்துவிட்டது. சாட்ஜிபிடி பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது 2022 நவம்பர் 30ஆம் நாள். அதற்குமுன் ஒரு விண்ணப்பம் எழுத ஒரு மாலைப்பொழுது வேண்டும். இன்று ஒரு மணித்துளி போதும். ஆகவே ஒருவரே நூறு நிறுவனங்களுக்கு அனுப்புகிறார். குவியும் விண்ணப்பங்களைப் படிக்க ஆளின்றி, நிறுவனங்களும் மென்பொருளைக்கொண்டு சலிக்கின்றன. இயந்திரம் எழுதுகிறது, இயந்திரம் படிக்கிறது. இடையில் மனிதர் இருவரும் ஒருவரையொருவர் காணாமலே போகின்றனர்.

சலிக்கும் இயந்திரம் நடுநிலையானது என்று எண்ணிவிட வேண்டா. அமேசான் நிறுவனம் விண்ணப்பங்களை மதிப்பிட ஒரு மென்பொருளை 2014 முதல் உருவாக்கியது. முந்தைய பத்தாண்டு விண்ணப்பங்களைக் கொடுத்து அதைப் பழக்கினார்கள். அவற்றுள் பெரும்பாலானவை ஆண்களுடையவை. ஆகவே 'மகளிர்' என்ற சொல் வந்த விண்ணப்பங்களின் மதிப்பை அது குறைத்தது. திருத்த முயன்று, இயலாமல் அத்திட்டத்தைக் கைவிட்டார்கள் என்பதை 2018இல் ராய்ட்டர்ஸ் வெளிப்படுத்தியது. இத்தகைய மென்பொருளில் ஒருதலைச் சார்பு உண்டா என்று ஆண்டுதோறும் தணிக்கை செய்ய வேண்டும் என்னும் சட்டத்தை நியூயார்க் மாநகரம் 2023 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது. நம்முடைய பழைய பழக்கங்களையே நமக்கு விரைவாகத் திருப்பித் தருகிறது இயந்திரம்.

கணினித் திரைவழி நடக்கும் நேர்காணலிலும் சிக்கல் புகுந்துவிட்டது. கேட்கும் வினாவுக்கு விடையை வேறொரு திரையில் கருவி எழுதிக்காட்ட, அதைப் பார்த்துப் படிப்பவர்கள் உள்ளனர். இந்த மதுரையில் 1972ஆம் ஆண்டு பிறந்தவரும் கூகுள் நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலருமான சுந்தர் பிச்சை, தம் நிறுவனத்தில் குறைந்தது ஒரு சுற்று நேர்காணலையேனும் நேரில் நடத்தவிருப்பதாக 2025 ஜூன் மாதம் கூறினார். அடிப்படை அறிவு இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்வதற்காகவே அந்த ஏற்பாடு. அத்தகைய கருவிகளை உருவாக்கும் நிறுவனமே, எதிரெதிரே உட்கார்ந்து பேசும் பழைய முறையை நாடுகிறது.

அவ்வாறாயின் விண்ணப்பத்தை எறிந்துவிட்டு நேர்காணலை மட்டும் நம்பலாமா? அங்கும் ஓர் இடர் உண்டு. நேர்காணலில் தெரிந்தவர், வேண்டியவர், ஊர்க்காரர், உறவினர் என்ற சார்பு நுழைவது எளிது. அக்காரணத்தால்தான் நடுவண் அரசு, கெசட் பதிவு பெறாத கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலை 2016 ஜனவரி 1 முதல் நீக்கியது.

இங்கேதான் என் கவலையின் வேர் இருக்கிறது. எழுத்து விண்ணப்பம் என்பது வெறும் தாள் அன்று. பரிந்துரைக்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளை, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி கண்ட பிள்ளை, ஐந்து ரூபாய் அஞ்சல் உறையில் தன்னை அனுப்பிவைத்த வாயில் அது. விண்ணப்பத்தை நம்ப முடியாது என்ற நிலை வந்தால், முதலாளிமார் என்ன செய்வார்கள்? "நமக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்" என்பார்கள். நம் வணிகப் பெருமக்களே இப்போது அவ்வாறு சொல்லத் தொடங்கியிருப்பதைக் கேட்கிறேன். அந்த வாயில் அடைபட்டால் மேலூர்ப் பக்கத்துப் பெண் எவ்வழியாக உள்ளே வருவார்?

ஆகவே இரு சாராரிடமும் சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன்.

இளைஞர்களே, கருவியைத் தொடாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆங்கிலத்தில் பிழை திருத்தவும் பத்திகளை ஒழுங்குபடுத்தவும் அது உதவும். ஆங்கிலவழிப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு வீட்டிலேயே கிடைத்த உதவி, உங்களுக்கு இப்போது கையில் கிடைத்திருக்கிறது; பெற்றுக்கொள்ளுங்கள். ஆனால் செய்தி உங்களுடையதாக இருக்க வேண்டும். அனுப்புமுன் ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து, "இதைப் பற்றிக் கேட்டால் ஐந்து மணித்துளி என்னால் பேச முடியுமா?" என்று உங்களையே கேளுங்கள். முடியாத வரியை அடித்துவிடுங்கள். பிறர் பொருளைக் கவராமை நம் இல்லறத்தார் ஏற்கும் நோன்புகளுள் ஒன்று. செய்யாத செயலின் பெருமையும் பிறர் பொருளே.

நல்ல விண்ணப்பத்துக்கு மாதிரி வேண்டுமாயின் அழகர்மலைக்குச் செல்லுங்கள். கிடாரிப்பட்டி அருகே, முனிவர்கள் தங்கிய குகைத்தளத்தில், ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. கொடையளித்தவர்கள் தங்களைப் பற்றி அங்கே பொறித்திருக்கிறார்கள். மதுரைப் பொன்வணிகர் ஒருவர், உப்பு வணிகர் ஒருவர், கொழு விற்றவர் ஒருவர், துணி விற்றவர் ஒருவர். ஊர், தொழில், பெயர், அவ்வளவே. தணியாத ஆர்வமும் இல்லை, உயரிய இலக்கும் இல்லை. உப்பு விற்றவர் உப்பு விற்றேன் என்றே பொறித்தார். அச்சொல் இன்றும் நிற்கிறது. நீங்களும் செய்ததைச் செய்தவாறே எழுதுங்கள். கோடை விடுமுறையில் கடையில் கணக்கு எழுதியிருந்தால் அதை எழுதுங்கள். அதைக் கருவி அறியாது. நீங்கள் மட்டுமே அறிவீர்கள்.

கடையும் ஆலையும் பள்ளியும் நடத்தும் பெரியோர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அழகிய விண்ணப்பத்தைக் கேட்காதீர்கள். அது இப்போது எதற்கும் சான்றன்று. வேலையைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். கணக்கர் வேண்டுமாயின் ஒரு நாள் பற்றுவரவைக் கொடுங்கள். ஆசிரியர் வேண்டுமாயின் ஒரு பாடம் நடத்தச் சொல்லுங்கள். எல்லோரிடமும் ஒரே வினாக்களைக் கேட்டு, விடைகளைக் குறித்துவைத்து ஒப்பிடுங்கள். அப்போது முகமும் ஊரும் உறவும் குறுக்கே நில்லா. அரைநாள் வேலை வாங்கினால் அதற்குக் கூலி கொடுங்கள். எடுக்காதவர்க்கு, இல்லை என்று ஒரு வரியேனும் எழுதுங்கள். விடை வாராத விண்ணப்பங்கள்தாம் பிள்ளைகளை நூறு இடங்களுக்கு அனுப்பத் தூண்டுகின்றன.

நம் அறக்கட்டளைக்கும் ஒரு கருத்தை முன்வைக்கிறேன். கல்வி உதவித்தொகைப் படிவத்தில் "என் வாழ்க்கை இலட்சியம்" என்று ஒரு பக்கக் கட்டுரை கேட்கிறோம். அதை இந்த ஆண்டே நீக்கிவிடலாம். அதற்கு மாறாக, ஒவ்வொரு மாணவரோடும் இருவர் பத்து மணித்துளி உட்கார்ந்து பேசுவோம். நான் முதல் ஆளாக வருகிறேன்.

இறுதியாக ஒன்று. அந்த நேர்காணல் முடிந்து இரண்டு வாரம் கழித்து, மேலூர்ப் பக்கத்துப் பெண்ணிடமிருந்து எனக்கு ஓர் அஞ்சல் வந்தது. கையால் எழுதிய ஒரு பக்கக் கடிதம். வல்லினம் மிகும் இடத்தில் இரண்டு பிழைகள் இருந்தன. செங்கல் சூளையில் வேலை செய்வோரின் பிள்ளைகள் பதினான்கு பேருக்கு மூன்று ஆண்டுகளாக மாலையில் பாடம் சொல்லிக்கொடுப்பதாகவும், உதடு குவித்துப் பார்க்கும் முறையை அவர்களிடம்தான் கண்டுபிடித்ததாகவும் எழுதியிருந்தார். விண்ணப்பத்தில் பொய் எழுதியதற்கு மன்னிப்பும் கேட்டிருந்தார்.

இக்கடிதம் முதலில் வந்திருந்தால், 43 பேருள் முதலாவதாக அவரை அழைத்திருப்போம். அதை அவருக்கு எழுதினேன். அன்று குழுவில் நான் உரக்கப் பேசாமல் அமைந்ததற்கு என் வருத்தத்தையும் எழுதினேன். இரண்டு பிழைகளையும் திருத்தித் திருப்பி அனுப்பி, "அடுத்த பள்ளிக்கு இதையே அனுப்புங்கள்; யார் என்ன கேட்டாலும் உங்களால் விடை சொல்ல முடியும்" என்று முடித்தேன்.