விவசாய பீடங்களும் புதுமுயற்சியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



மிஷன் கல்லூரியொன்றிலே படித்து வந்த என்னை இம்மேடைக்கு அழைத்த செயற்குழுவினருக்கு முதற்கண் எனது நன்றி. “சமயம், இலக்கியம் என்று எத்தனையோ இருக்க, கமத்தைப் பற்றியா பேசப்போகிறாய், தம்பி?” என்று பெரியவர் ஒருவர் சற்று முன்னர் கேட்டார். கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பாதிக்கு மேல் அமர்ந்திருக்கும் இச்சபையிலே அதைப் பேசாமல் வேறெங்கே போய்ப் பேசுவது?

நான் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். விவசாய பீடத்து ஆசிரியர் ஒருவர் தமது ஆய்வுகூடத்திலே பயனுள்ள ஒன்றைக் கண்டுபிடித்து விட்டாரென்று வைத்துக்கொள்வோம். அதன்பின் நடக்கவேண்டியது என்ன? கட்டுரை எழுதிவிட்டால் போதுமா? ஊருக்கு இலவசமாகக் கொடுத்துவிடலாமா? அல்லது விலை வைக்கலாமா? இக்கேள்வியோடு நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பழகிய இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து விவசாயக் கல்லூரியே அது.

விஸ்கொன்சின் பாலுக்குப் பேர்போன மாநிலம். அக்காலத்திலே வெண்ணெய், பாற்கட்டி செய்யும் ஆலைகள் பாலை நிறுத்துத்தான் காசு கொடுத்தன. கொழுப்பு மிகுந்த பாலைக் கொண்டுவந்த யோக்கியனுக்கும், தண்ணீர் கலந்தவனுக்கும், ஆடையை வழித்தெடுத்தவனுக்கும் ஒரே விலை. இந்த அநியாயத்துக்கு 1890ஆம் ஆண்டில் முடிவு கட்டியவர் ஸ்டீவன் பாப்கொக் என்னும் பேராசிரியர். பாலிலே கந்தகவமிலத்தை ஊற்றினால் கொழுப்பைத் தவிர்ந்த பிற பொருள்கள் கரைந்துவிடும். போத்தலைப் பொறியிலிட்டுச் சுழற்றி வெந்நீர் சேர்த்தால், கொழுப்பு மேலெழுந்து, அளவு குறித்த கழுத்துப் பகுதியில் வந்து நிற்கும். கண்ணாலேயே அளந்து கொள்ளலாம். பள்ளிக்கூடம் போகாத கமக்காரனும் விளங்கிக்கொள்ளக்கூடிய முறை. பாப்கொக் இதற்கு ஆக்கவுரிமை எடுக்கவில்லை, உலகத்துக்கே கொடுத்துவிட்டார். பாற்பண்ணைத் தொழில் இதனால் நாணயமான தொழிலாயிற்று.

பாப்கொக் செய்ததுதான் சரி, கல்விமானுக்குக் காசு எதற்கு என்று நம்மிற் பலர் உடனே சொல்வோம். சற்றுப் பொறுங்கள்.

அதே கல்லூரியிலே ஹாரி ஸ்டீன்பொக் என்றொருவர் இருந்தார். ஊதாக்கடந்த கதிர்களை உணவின்மீது செலுத்தினால் அதில் விற்றமின் டி உண்டாகிறது என்று 1920களிலே காட்டினார். பிள்ளைகளின் எலும்புகள் வளைந்துபோகும் றிக்கெற்ஸ் நோய் அப்போது குளிர்நாடுகளிலே பரவலாக இருந்தது. ஸ்டீன்பொக் தம் சொந்தப் பணம் 300 டொலரைச் செலவழித்து ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தார். குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் ஏறத்தாழப் பத்து இலட்சம் டொலர் தருவதாகக் கேட்டதென்பர். அவர் விற்கவில்லை. வருமானம் ஆராய்ச்சிக்கே திரும்ப வரவேண்டும், கண்டவர்களெல்லாம் கண்டபடி இம்முறையைக் கையாண்டு பொதுமக்களை ஏமாற்றக்கூடாது என்பது அவரது எண்ணம். ஆனால் பல்கலைக்கழகமோ வியாபார விஷயத்திலே கைவைக்கத் தயங்கியது. ஆகவே 1925இல் பல்கலைக்கழகத்துக்கு வெளியே, பழைய மாணவர்களைக் கொண்டு, விஸ்கொன்சின் பழைய மாணவர் ஆராய்ச்சி மன்றம் தோற்றுவிக்கப்பட்டது. அதன் முதல் மூலதனம் எவ்வளவு தெரியுமா? ஒன்பது பேர் தலைக்கு 100 டொலர். ஆக மொத்தம் 900 டொலர்! 1927இல் அதே குவேக்கர் நிறுவனம் அம்மன்றத்திடம் உரிமம் பெற்றது. வந்த இலாபம் மீண்டும் ஆய்வுகூடங்களுக்குப் போயிற்று. ஸ்டீன்பொக்குக்கும் ஒரு பங்கு கிடைத்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இக்கதையிலே கறை இல்லாமலில்லை. வெண்ணெய்க்குப் போட்டியாக வந்த மாஜரின் செய்வோருக்கு அம்மன்றம் உரிமம் கொடுக்க மறுத்தது. பாற்பண்ணையாளரைக் காப்பதே நோக்கம். ஏழைகள் வாங்கிய மாஜரினுக்கு விற்றமினை மறுக்கலாமா என்ற கேள்வி 1940களிலே நீதிமன்றம் வரை சென்றது. ஆக்கவுரிமையே செல்லாதென்று தீர்ப்பாயிற்று. உரிமை என்பது வேலியைப் போன்றது. பயிரை மாட்டிடமிருந்து காக்கலாம். அயலவன் கிணற்றுக்குப் போகும் வழியையும் அடைத்துவிடலாம். எதற்காக அடைக்கிறோம் என்பதைப் பல்கலைக்கழகம் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது நிகழ்ச்சியே எனக்கு மிகவும் பிடித்தது. 1933ஆம் ஆண்டு மாசி மாதம், கடும் பனிப்புயல். கமக்காரர் ஒருவர் செத்த பசுக்கன்றொன்றையும், உறையாத இரத்தம் நிறைந்த பால் வாளியையும், பழுதுபட்ட தீவனத்தில் நூறு இறாத்தலையும் ஏற்றிக்கொண்டு ஏறக்குறைய 190 மைல் வந்தார். மாட்டு வைத்தியர் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. திறந்திருந்த கதவொன்றைக் கண்டு உள்ளே போனார். அது கார்ல் போல் லிங்க் என்னும் விவசாய இரசாயனப் பேராசிரியரின் ஆய்வுகூடம். பூஞ்சணம் பிடித்த சுவீற் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் உட்காயத்தால் இரத்தம் பெருகிச் சாவது ஏனென்று லிங்கின் குழு ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து, 1939இல் அந்த நஞ்சைப் பளிங்காகப் பிரித்தது. அதன் வழிவந்த இன்னொரு பொருள் 1948இல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது. அதன் பெயர் வார்பரின். அம்மன்றத்து ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களாலேயே அப்பெயரின் முற்பாதி அமைந்தது. 1950களில் அதுவே மனிதருக்கும் மருந்தாயிற்று. நம் ஊரிலும் இருதய நோயாளர் பலர் இரத்தம் கட்டாதிருக்க அதனை உட்கொள்ளுகிறார்கள். மாட்டுக்கொட்டிலிலே தொடங்கியது, மனிதரின் இருதயத்துக்கு வந்து சேர்ந்தது.

நமது நிலைமைக்கு வருவோம். பேராதனையில் விவசாய பீடம் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் ஆரம்பிக்கப்பட்டு, போரினால் இடம்பெயர்ந்து, மீண்டும் அங்கேயே, இரணைமடு நீர் பாயும் நெல்வயல்களின் நடுவே இயங்குகிறது. திறமைக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு விரிவுரையாளர் கட்டுரை எழுதினால் பதவி உயர்வுக்குப் புள்ளி கிடைக்கும். வெங்காயம் அழுகாமல் வைக்கும் கொட்டிலொன்றைக் கமக்காரனோடு சேர்ந்து கட்டினால் ‘நேரத்தை வீணாக்குகிறார்’ என்ற பேச்சே கிடைக்கும். தொழில் தொடங்கினாலோ ‘வியாபாரி ஆகிவிட்டார்’ என்பார்கள். யார் என்பார்கள்? நாம்தான்!

சட்டத்தையும் சிறிது அறிந்திருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, புதிய பயிரினத்துக்கு இந்நாட்டில் ஆக்கவுரிமை கிடையாது. மிளகாயில் நல்ல இனம் கண்டவர் பாப்கொக்கைப்போல் ஊருக்குக் கொடுக்கவேண்டியதுதான், அது நன்றே. ஆனால் அம்மிளகாயை உலர்த்தும் பொறிக்கும், ஒடியல் மாவைப் பதப்படுத்தும் புதுமுறைக்கும் உரிமை கேட்கலாம். விதை எல்லோருக்கும், பொறி உரிமத்துக்கு என்று பிரித்துக்கொண்டால், கொடையும் வரவும் ஒரே பீடத்தில் இருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். கோபுரத்துக்கும் தேருக்கும் பிறநாடுகளிலிருந்து நம்மவர் அனுப்பும் காசு எவ்வளவென்று பெரியோர் அறிவர். அதைக் குறை சொல்ல வரவில்லை. ஒன்பது பேர் சேர்ந்து ஓர் உலர்த்தும் பொறியின் முதல் மாதிரிக்குக் கொடுத்தாலும் போதும் என்றே சொல்கிறேன். ஆசிரியர்களுக்கு ஓராண்டு விடுப்பு, உரிமப் பணத்தில் பங்கு, தோற்றாலும் வேலைக்குத் திரும்பலாம் என்ற உறுதி ஆகியவற்றைப் பல்கலைக்கழகங்கள் கொடுக்கட்டும். நாம் செய்யக்கூடியது வேறு. அந்தப் பனிப்புயற் கமக்காரரைப்போல் வாளியைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். நம்மூரில் வாளியோடு போவதற்குக் கமக்காரன் கூச்சப்படுகிறான். வாசற் காவலாளி என்ன சொல்வாரோ என்று அஞ்சுகிறான்.

ஆகவே செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். சங்கத்துப் படிப்பறையில் ஒரு கொப்பி வைப்போம். அயலிலே எந்தத் தோட்டத்தில் எது பட்டுப்போகிறது, எது விலைப்படாமல் அழுகுகிறது என்று அங்கத்தவர் ஒவ்வொருவரும் விசாரித்து, கமக்காரரின் சொற்களிலேயே அதில் எழுதட்டும். தைப்பொங்கல் கழிந்ததும் அக்கொப்பியோடும், தோட்டக்காரர் இருவர் மூவரோடும் கிளிநொச்சிக்குப் போவோம். வாகனத்துக்கு ஒழுங்கு செய்ய நண்பர் இருவர் முன்வந்திருக்கிறார்கள். உடன் வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.